மூன்று ஆஸ்கர், ஒரே இயக்குநர்: விருது யாருடையது?

கேட்கப்பட்ட கேள்வி இது: தெல்மா ஸ்கூன்மேக்கர் எடிட்டிங்குக்கு மூன்று ஆஸ்கர் வாங்கியவர், ஆனால் அந்த மூன்றும் மார்ட்டின் ஸ்கோர்செஸி படங்களுக்குத்தான், வேறு இயக்குநர்களோடு அவர் வேலை செய்ததே அபூர்வம், அப்படியென்றால் அந்தத் திறமை அவருடையதா, ஸ்கோர்செஸியுடையதா?

தெல்மாவையே கேட்டால் பதில் சுலபமாகக் கிடைத்துவிடும். 'ரேஜிங் புல்' படத்துக்குக் கிடைத்த விருது குத்துச்சண்டைக் காட்சிகளுக்காகக் கிடைத்தது, அந்தக் காட்சிகளை ஸ்கோர்செஸி அப்படி யோசித்து எடுத்திருந்தார், அதனால் விருது அவருக்குத்தான் சேர வேண்டும் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பெருந்தன்மைதான். ஆனால் எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. ஏன் என்று சொல்ல அவர் கதையைக் கொஞ்சம் முதலிலிருந்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பெண்மணி சினிமாவுக்கு வர வேண்டியவரே இல்லை.

1940-இல் அல்ஜியர்ஸ் நகரில் பிறந்தார். அப்பா எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்த அமெரிக்கர், அதனால் குடும்பம் ஊர் மாறிக்கொண்டே இருந்தது. வளர்ந்தது கரீபியன் கடலில் இருக்கும் அரூபா தீவில். அமெரிக்காவுக்கே 1955-இல், பதினைந்து வயதில்தான் வருகிறார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் அரசியலும் ரஷ்ய மொழியும் படித்தார், தூதரகப் பணிக்குப் போக வேண்டும் என்பதுதான் ஆசை. வெளியுறவுத் துறைத் தேர்வு வரை போனார். அங்கே தென்னாப்பிரிக்க நிறவெறியைப் பற்றிப் பேச்சு வர, தனக்கு அது பிடிக்கவில்லை என்று மறைக்காமல் சொல்லிவிட்டார். இந்த வேலைக்கு நீங்கள் சரிப்பட மாட்டீர்கள் என்று அவர்களும் மறைக்காமல் சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது நியூயார்க் டைம்ஸில் ஒரு விளம்பரம் பார்த்தார்: உதவி எடிட்டர் தேவை, பயிற்சி கொடுக்கப்படும். போய்ச் சேர்ந்தால், அது ஐரோப்பியப் படங்களைத் தொலைக்காட்சி நேரத்துக்குள் அடங்கும்படி வெட்டிச் சுருக்கும் வேலை. ஃபெலினி, த்ருஃபோ, அந்தோனியோனி படங்கள். முதலாளிக்குக் கதை, காட்சி எதுவும் கணக்கில்லை, படம் நேரத்தைத் தாண்டினால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுவார். எடிட்டிங் என்றால் என்னவென்று தெரிவதற்கு முன்பே எது எடிட்டிங் இல்லை என்று கண்ணெதிரே பார்த்துவிட்டார். படத்தின் மூலச்சுருளான நெகட்டிவை வெட்டுவது, சப்டைட்டில் போடுவது மாதிரியான கைவேலைகளையும் அங்கேதான் கற்றுக்கொண்டார்.

அந்தக் கைவேலைதான் ஸ்கோர்செஸியிடம் கொண்டு சேர்த்தது. 1963-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஆறு வாரக் கோடை வகுப்பில் சேர்ந்தார். அதே இடத்தில் ஸ்கோர்செஸி ஒரு குறும்படம் எடுத்துவிட்டுத் தவித்துக்கொண்டிருந்தார், நெகட்டிவை யாரோ தப்பாக வெட்டிவிட்டார்கள். பேராசிரியர் ஹேய்க் மனூகியன், உனக்கு நெகட்டிவ் வேலை தெரியுமே, அந்தப் பையனுக்கு உதவு என்று அனுப்பினார். அவ்வளவுதான் ஆரம்பம். பெரிய லட்சியப் பேச்சு எதுவும் இல்லை, கெட்டுப்போன நெகட்டிவைச் சரிசெய்யக் கை தெரிந்த ஒருவர் வேண்டியிருந்தது. ஸ்கோர்செஸியின் முதல் முழுநீளப் படமான 'ஹூ இஸ் தட் நாக்கிங் அட் மை டோர்' (1967) இவர் எடிட் செய்ததே.

அடுத்தது 'உட்ஸ்டாக்' (1970). 1969 ஆகஸ்டில் நடந்த அந்த இசைவிழாவைப் பல கேமராக்கள் எடுத்துத் தள்ளியிருந்தன, மேடையில் நடப்பது ஒன்று, சேற்றில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் ஒன்று. மைக்கேல் வாட்லி இயக்கிய அந்த மூன்று மணி நேர ஆவணப்படத்தில் திரையை இரண்டாக, மூன்றாகப் பிரித்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள். எடிட்டிங் குழுவை நடத்தியவர் தெல்மா, அந்தக் குழுவில் ஒருவர் ஸ்கோர்செஸி. படம் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது, எடிட்டிங்குக்குத் தெல்மாவின் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. ஒரு ஆவணப்படத்துக்கு எடிட்டிங் பரிந்துரை கிடைப்பது இன்றைக்கும் அரிது.

இங்கேதான் பலரும் தாண்டிப் போய்விடும் பத்து வருடம் வருகிறது. ஆஸ்கர் பரிந்துரை பெற்ற எடிட்டர், கூடவே படித்த நண்பர் ஹாலிவுட்டில் வரிசையாகப் படம் பண்ணிக்கொண்டிருக்கிறார், ஆனால் இவர் அந்தப் படங்களைத் தொட முடியாது. காரணம், எடிட்டர்கள் சங்கம். ஸ்டூடியோ படத்தில் எடிட்டராக வேண்டுமென்றால் சங்க உறுப்பினராக இருக்க வேண்டும், உறுப்பினராக வேண்டுமென்றால் பயிற்சியாளராகவும் உதவியாளராகவும் வருடக்கணக்கில் வேலை பார்த்துவிட்டு வர வேண்டும். ஏற்கெனவே ஒரு பெரிய படத்தின் எடிட்டிங் குழுவையே நடத்தியவர் மறுபடி கீழே போய் ஃபிலிம் டின்களுக்கு லேபிள் ஒட்ட வேண்டும் என்றார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. 'டாக்ஸி டிரைவர்' (1976) எடிட்டிங்கில் மார்சியா லூகாஸ், டாம் ரோல்ஃப், மெல்வின் ஷாபிரோ பெயர்கள் இருக்கின்றன, தெல்மா பெயர் இல்லை. 'மீன் ஸ்ட்ரீட்ஸ்' படத்திலும் இல்லை. சங்கங்கள் தேவை என்பவன் நான், சம்பளமும் வேலை நேரமும் அவை இல்லாவிட்டால் என்னவாகும் என்று எல்லோருக்கும் தெரியும்; ஆனாலும் இந்த விதி பாதுகாப்புக்கு இருந்ததைவிடக் கதவடைப்புக்குத்தான் அதிகம் பயன்பட்டது என்று நினைக்கிறேன்.

கடைசியில் 'ரேஜிங் புல்' எடுக்கும்போது எப்படியோ அவருக்கு உறுப்பினர் அட்டை கிடைத்தது. 1981-இல் ஆஸ்கர். அப்போது அவருக்கு வயது 41.

சரி, கேள்விக்கான பதில் இந்தப் படத்துக்குள்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். குத்துச்சண்டைக் காட்சிகளைப் பொறுத்தவரை தெல்மா சொல்வது நியாயம்தான். தொலைக்காட்சியில் காட்டுவது போல வெளியே நின்று எடுக்காமல் ஒளிப்பதிவாளர் மைக்கேல் சாப்மேனின் கேமரா கயிற்றுக்கு உள்ளே போய்விட்டது. ஒவ்வொரு சண்டைக்கும் தனி பாணி, சில ஷாட்களுக்குள்ளேயே வேகம் குறைந்து மறுபடி ஏறும். சுகர் ரே ராபின்சனோடு நடக்கும் கடைசிச் சண்டைக்கு ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' குளியலறைக் காட்சியின் ஷாட் வரிசையை முன்மாதிரியாக வைத்துக்கொண்டதாக ஸ்கோர்செஸி சொல்லியிருக்கிறார். அந்த அளவுக்கு முன்கூட்டியே வரைந்து திட்டமிட்டு எடுத்த காட்சியில் எடிட்டருக்கு வேலையே இல்லை என்று சொல்ல மாட்டேன், அடி விழும் ஃப்ரேம் எது, ஃபிளாஷ் பல்பு வெடிக்கும் ஃப்ரேம் எது, சத்தம் எங்கே அடங்க வேண்டும், இதையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்தாக வேண்டும். ஆனால் வரைபடம் அவர் கையில் ஏற்கெனவே இருந்தது, அதை ஒத்துக்கொள்ளலாம்.

வரைபடமே இல்லாத காட்சிகளும் அதே படத்தில் இருக்கின்றன, அவற்றைப் பற்றி விருதுக்குழுக்கள் அதிகம் பேசுவதில்லை. வீட்டில் படத்தின் நாயகனான குத்துச்சண்டை வீரன் ஜேக் டிவியைச் சரிசெய்ய முட்டி மோதிக்கொண்டிருக்கிறான், தம்பி ஜோயி பக்கத்தில். பேச்சு எங்கோ சுற்றி, நீ என் மனைவியோடு தப்பாக நடந்துகொண்டாயா என்ற கேள்வியில் வந்து முட்டுகிறது. ராபர்ட் டி நீரோவும் ஜோ பெஷியும் எழுதிவைத்த வசனத்தை ஒப்பிக்கிறவர்கள் இல்லை, பேசிப் பேசியே வழி கண்டுபிடிப்பவர்கள், அதனால் ஒரு டேக்கில் வந்த வார்த்தை அடுத்த டேக்கில் வராது. இவர் முகத்தில் ஒரு கேள்வி நன்றாக வந்திருக்கும், அந்தக் கேள்விக்கான பதில் எதிராளியின் எந்த டேக்கிலுமே இருக்காது. கை இருந்த இடம், தலை திரும்பிய பக்கம், எதுவும் ஒட்டாது. சண்டைகளைவிட இப்படி நடிகர்கள் அந்தந்த நேரத்தில் தாமாகப் பேசிய காட்சிகளைக் கட்டுவதுதான் கஷ்டம் என்று தெல்மாவே சொல்லியிருக்கிறார், வேலை தெரிந்த எவரும் அதை ஒத்துக்கொள்வார்கள். அந்தக் காட்சியைப் பார்க்கும்போது நமக்கு எடிட்டிங் என்ற நினைப்பே வராது. அண்ணன் சந்தேகத்தில் அழுகிக்கொண்டிருக்கிறான், தம்பி முகத்தில் அவமானம் ஏறுகிறது, அவ்வளவுதான் தெரியும். எந்தக் கேள்விக்குப் பிறகு எவ்வளவு நேரம் கேட்பவன் முகத்தில் நிற்பது, எப்போது பதில் சொல்பவனிடம் போவது என்பது முழுக்க எடிட்டிங் மேசையில் கண்டுபிடித்தது. அந்த ஆஸ்கரை இதற்காகக் கொடுத்திருந்தால் அவரும் இவ்வளவு அடக்கமாகத் திருப்பிக் கொடுத்திருக்க முடியாது.

அவர்கள் சேர்ந்து வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தெல்மா பொதுவாகப் படப்பிடிப்புக்குப் போவதில்லை. வேண்டுமென்றே. ஒரு ஷாட்டை எடுக்க மழையில் ஆறு மணி நேரம் நின்றார்கள் என்று தெரிந்தால் அந்த ஷாட் மேல் பாசம் வந்துவிடும். தெரியாதவருக்கு அது வெறும் ஷாட், வேலை செய்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி. எடுத்ததை ஸ்கோர்செஸியோடு உட்கார்ந்து பார்ப்பார், அவர் சொல்வது, முணுமுணுப்பது, சிரிப்பது எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார். அந்தக் குறிப்புகளோடு முதல் தொகுப்பை இவர் செய்து வைப்பார். படப்பிடிப்பு முடிந்ததும் இயக்குநர் வந்து உட்காருவார், அதற்குப் பிறகு மாதக்கணக்கில் இரண்டு பேர் மட்டும். அறையில் இன்னொரு திரையில் பழைய படம் ஏதாவது சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும், நடுநடுவே அதைப் பார்த்துப் பேச்சு அங்கே போய்விடும். வேலை நேரத்தில் பேச்சா என்று தோன்றலாம், ஒரே படத்தை நூறாவது தடவை பார்க்கிறவர்களுக்குக் கண்ணைக் கழுவ அது வேண்டியிருக்கிறது. அப்புறம் சின்னச் சின்னக் கூட்டங்களுக்குப் போட்டுக் காட்டுவது, திருத்துவது, மறுபடி காட்டுவது. இப்படிப் பல சுற்று.

நடிப்பா, ஷாட்டுக்கு ஷாட் பொருளும் அசைவும் ஒட்டிப்போகிற கன்டினியூட்டியா என்று வந்தால் கன்டினியூட்டியைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், அதை வெளிப்படையாகவும் சொல்வார்கள். ஒரு ஷாட்டில் கோப்பை கையில் இருக்கும், அடுத்த ஷாட்டில் மேசையில் இருக்கும். 'தி டிபார்ட்டட்' (2006) படத்தில் இப்படிக் கண்டுபிடித்துப் பட்டியல் போடுகிறவர்கள் நிறையப் பேர், அதே படம்தான் எடிட்டிங்குக்கு ஆஸ்கர் வாங்கியது. கோப்பையைப் பார்த்துக்கொண்டிருக்கிற பார்வையாளனைக் காட்சி ஏற்கெனவே இழந்துவிட்டது என்பதுதான் இதில் உள்ள கணக்கு. புதிதாக எடிட்டிங் கற்றுக்கொள்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், நல்ல டேக் கையில் இருந்தால்தான் இந்தத் துணிச்சல் செல்லுபடியாகும்.

இன்னொரு மனிதரைச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது: மைக்கேல் பவல். 'தி ரெட் ஷூஸ்' எடுத்த பெரிய பிரிட்டிஷ் இயக்குநர், 1960-இல் 'பீப்பிங் டாம்' படத்துக்கு வந்த எதிர்ப்பில் தொழிலையே கிட்டத்தட்ட இழந்தவர். சின்ன வயதிலிருந்து அவர் படங்களைக் கொண்டாடிய ஸ்கோர்செஸி அவரைத் தேடிக் கண்டுபிடித்து மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். டி நீரோ குத்துச்சண்டைப் பயிற்சி செய்யும் படச்சுருளைப் பார்த்துவிட்டு, அந்தக் கையுறைகளின் சிவப்பு சரியில்லையே என்று பவல் சொன்னதுதான் 'ரேஜிங் புல்' கறுப்பு வெள்ளைக்குப் போனதற்கு ஒரு காரணம் என்று ஸ்கோர்செஸி சொல்வதுண்டு. தெல்மாவும் பவலும் 1984-இல் திருமணம் செய்துகொண்டார்கள், அவர் இவரைவிட முப்பத்து நான்கு வயது மூத்தவர். 'குட்ஃபெல்லாஸ்' படத்துக்குப் பணம் கிடைக்காமல் ஸ்கோர்செஸி தவித்தபோது, பார்வை மங்கிப்போயிருந்த பவலுக்குத் தெல்மா திரைக்கதையை வாசித்துக் காட்டினார், உடனே ஃபோன் போடு, இதை அவன் எடுத்தே ஆக வேண்டும் என்றாராம் பவல். படம் வெளிவருவதற்கு முன்பே, 1990 தொடக்கத்தில், காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு இன்றுவரை பவலின் படங்களை மீட்டெடுத்துப் புதுப்பிக்கும் வேலையில் தெல்மாவுக்கு முக்கியப் பங்கு இருக்கிறது; அவருடைய சொந்தத் தொழில் வாழ்க்கையில் பாதிக்காவது அது சமம் என்று சொல்வேன், இதற்கு விருது வரிசையில் இடமில்லை என்பது வேறு விஷயம்.

'குட்ஃபெல்லாஸ்' (1990) பற்றிப் பேசினால் பேசிக்கொண்டே இருக்கலாம், ஒன்று மட்டும். ஓடிக்கொண்டிருக்கும் படம் சட்டென்று உறைந்து நிற்பது, மேலே ஒரு குரல் கதை சொல்வது, கடைசி நாளில் போதையின் பதற்றத்தில் ஷாட்கள் ஒன்றை ஒன்று முட்டித் தள்ளுவது, இதையெல்லாம் அப்புறம் எத்தனையோ பேர் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொள்ளாமல் விட்டது, வெட்டாமல் இருப்பதை. "நான் என்ன கோமாளியா" என்று பெஷி திடீரென்று முறைக்கும் காட்சியில் முகத்துக்கு நெருக்கமான ஷாட்டே எடுக்கவில்லை, சுற்றி இருப்பவர்களின் சிரிப்பு எப்படி அடங்குகிறது என்பதும் அதே சட்டகத்துக்குள் தெரிய வேண்டும் என்பதற்காக. வேகமான எடிட்டர் என்று பெயர் வாங்கியவர் அங்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் படத்துக்கு பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது, ஆஸ்கர் 'டான்சஸ் வித் வுல்வ்ஸ்' படத்துக்குப் போய்விட்டது. என்னைக் கேட்டால் ஆஸ்கர் வரலாற்றில் எடிட்டிங் பிரிவில் நடந்த பெரிய பிழைகளில் அது ஒன்று.

இரண்டாவது ஆஸ்கர் 'தி ஏவியேட்டர்' (2004), மூன்றாவது மேலே சொன்ன 'தி டிபார்ட்டட்'. எடிட்டிங்கில் மூன்றுக்கு மேல் யாரும் வாங்கியதில்லை. ஸ்பீல்பெர்க்கின் எடிட்டர் மைக்கேல் கான் உட்பட இன்னும் மூன்று பேர் அதே எண்ணிக்கையில் இருக்கிறார்கள். பரிந்துரைகளில் மட்டும் தெல்மா தனியாக முன்னே நிற்கிறார்: 'கில்லர்ஸ் ஆஃப் த ஃபிளவர் மூன்' (2023) படத்தோடு ஒன்பது. அந்த ஒன்பதாவது வந்தபோது வயது 84.

தொழில்நுட்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபிலிமைக் கையால் வெட்டி ஒட்டிப் பழகியவர் தொண்ணூறுகளின் நடுவில் கணினிக்கு மாறினார். உலகமே அவிட் என்ற எடிட்டிங் மென்பொருள் பக்கம் போனபோது அவர் லைட்வொர்க்ஸ் மென்பொருளிலேயே நின்றார், பழைய எடிட்டிங் மேசை போலக் கையால் திருப்பி ஓட்டும் கருவி அதில் இருந்தது. 'தி ஐரிஷ்மேன்' (2019) வேறு மாதிரிச் சோதனை: எழுபது தாண்டிய நடிகர்களைக் கணினியால் இளமையாக்கும் படம், ஆனால் எடிட் செய்யும்போது திரையில் இருப்பது வயதான முகம்தான். அந்த முகபாவத்தை நம்பி வெட்டியாகிவிட்டது, இளமையாக்கிய ஷாட் வந்த பிறகு கண்ணில் இருந்த ஏதோ ஒன்று காணாமல் போயிருந்தால்? இந்தக் கவலையை ஸ்கோர்செஸியே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். மூன்றரை மணி நேரப் படம் வேறு.

இனி கேள்விக்கு வருகிறேன். ஒரே இயக்குநரோடு வாழ்க்கை முழுக்க என்றால் அது வசதியான வழி என்று நினைக்கிறோம். எடிட்டர்களில் வேறொரு வகையும் உண்டு, நம் ஸ்ரீகர் பிரசாத் மாதிரி: தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி என்று மொழி மொழியாகப் போய், வேறு வேறு இயக்குநர்களோடு உட்கார்ந்து, ஒவ்வொருவர் மனசையும் புதிதாகப் பிடித்து, தேசிய விருதுகளைக் குவித்தவர். அவர் திறமையில் யாருக்கும் சந்தேகம் வராது, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்கப் பல இயக்குநர்கள் இருக்கிறார்கள். தெல்மாவின் சிக்கல், அவரை ஸ்கோர்செஸியிடமிருந்து பிரித்துப் பார்க்க வழியே இல்லை. ஆனால் ஸ்கோர்செஸியை அவரிடமிருந்து பிரித்துப் பார்க்கலாம்! எழுபதுகளின் படங்கள் இருக்கின்றனவே. 'டாக்ஸி டிரைவர்' அற்புதமான படம், ஆனால் அதன் நடை வேறு. 1980-க்குப் பிறகு வந்த படங்களில் பேச்சுக்காட்சிகள் நீளவும் சுருங்கவும் செய்கிற விதம், கதைசொல்லும் குரலுக்கும் படத்துக்கும் நடுவே இருக்கும் குறும்பு, பாதி வாக்கியத்தில் காட்சியை அறுத்துவிட்டு அடுத்ததற்குத் தாவுகிற தைரியம், இதெல்லாம் அந்த அறையில் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்ததற்குப் பிறகு கூடிக்கொண்டே போனது. ஒரே ஆளோடு நாற்பது வருடம் என்றால் வசதி மட்டுமில்லை, இந்த ஷாட் உனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் படத்துக்கு வேண்டாம் என்று பெரிய இயக்குநரிடம் சண்டை இல்லாமல் சொல்ல முடிகிற உரிமையும் அதில் இருக்கிறது. புதிய எடிட்டருக்கு அந்த உரிமை கிடைக்காது, எவ்வளவு திறமை இருந்தாலும்.

ஆகவே சண்டைக் காட்சிகளின் பெருமையை அவர் சொல்வதுபோல ஸ்கோர்செஸிக்கே கொடுத்துவிடலாம். டிவி ரிப்பேர் காட்சியை நான் தெல்மா பெயரில்தான் எழுதுவேன்.

அவர் வேலையைப் பார்க்க ஆசைப்பட்டு எங்கே தொடங்குவது என்று யோசித்தால், எல்லோரும் சொல்லும் 'ரேஜிங் புல்'லை இரண்டாவதாக வையுங்கள். முதலில் 'தி கிங் ஆஃப் காமெடி' (1983). அதில் கேமராவும் எடிட்டிங்கும் அலட்டிக்கொள்ளவே செய்யாது, பெரும்பாலும் அசையாத சட்டகங்கள், சங்கடமான ஒரு மனிதன் போக வேண்டிய நேரத்தில் போகாமல் நின்றுகொண்டிருப்பான், கட் வரும் என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில் வராது. அந்தத் தாமதம்தான் நகைச்சுவை. விருது எதுவும் கேட்காத எடிட்டிங், அதைப் பார்த்துவிட்டு 'குட்ஃபெல்லாஸ்' பக்கம் போனால் இரண்டையும் வெட்டியது ஒரே கை என்பதை நம்பக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.